வழி சொல்லிக்கொண்டே போன தம்பிக்கு

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டார். நேற்று இரண்டு இட்லி உள்ளே போனது. இன்று காலை காபியில் சர்க்கரை போதவில்லை என்று எனக்குத் திட்டு விழுந்தது. அந்தத் திட்டைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது. அன்று ராத்திரி நடந்தது தெருவுக்கே தெரியும், மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்த பிள்ளைகள், திறந்து கிடந்த வீட்டைக் காவல் காத்தவர்கள், மாட்டுக்குத் தண்ணி காட்டிய எதிர்வீட்டார், வார்டில் விடிய விடிய ஓடிய டாக்டர்கள், சிஸ்டர்கள், கேட்காமலே டீ வாங்கி வந்து கையில் கொடுத்த முகம் தெரியாத ஆட்கள், எல்லோருக்கும் நன்றி. கால் ஒத்துழைத்தால் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவேன்.

ஆம்புலன்ஸ் ஓட்டிய தம்பிக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின்னால் வீட்டம்மாவோடு நானும், மருத்துவ உதவியாளர் பெண்ணும். ஜன்னலெல்லாம் மங்கல் கண்ணாடி. வெளியே வயலா கடைத்தெருவா, ஒன்றும் தெரியவில்லை. நான் வாயே திறக்கவில்லை. ஆனாலும் முன்னாலிருந்து குரல் வந்தது. "ஐயா, தாராசுரம் தாண்டியாச்சு. அடுத்து பாபநாசம், கால் மணி நேரம்." அப்புறம் பாபநாசம் வந்தது. ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை என்று ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில், "முன்னால வேகத்தடை, அம்மாவைப் பிடிச்சுக்குங்க."

நான் விமானம் ஓட்டியவன் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அறுபதுகளின் கடைசியில் இந்தியன் ஏர்லைன்ஸில் வைக்கவுண்ட் விமானத்தில் துணை விமானியாக இருந்தேன். 1953-ல் பயணிகள் சேவைக்கு வந்த முதல் டர்போபிராப் அதுதான், அதாவது டர்பைன் இன்ஜின் புரொப்பல்லரைச் சுழற்றும் விமானம். ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் இன்ஜின் நான்கு. பழைய பிஸ்டன் விமானங்களின் அதிர்வு இதில் கிடையாது, மேஜையில் காசை அதன் விளிம்பில் செங்குத்தாக நிறுத்திப் பார்ப்பார்கள் பயணிகள். ஜன்னல்களும் பெரிய முட்டை வடிவ ஜன்னல்கள். பகலில் ஆறு குளமெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம்.

ராத்திரியில் அதெல்லாம் இல்லை. சென்னையிலிருந்து நாகபுரி, அங்கிருந்து டெல்லி. நான்கு பெருநகரங்களின் தபால் விமானங்களும் நடுராத்திரியில் நாகபுரியில் கூடி மூட்டைகளை மாற்றிக்கொண்ட காலம் அது. கீழே ஒரே இருட்டு. வழியில் குறித்த இடம் வரும்போதெல்லாம் ரேடியோவில் சொல்ல வேண்டும்: எந்த இடம், என்ன நேரம், எவ்வளவு உயரம், அடுத்த இடத்துக்கு எத்தனை மணிக்கு. துணை விமானிக்குத்தான் அந்த வேலை. கரகரப்புக்கு நடுவே கீழிருந்து ஒருவர் அதைத் திருப்பிச் சொல்வார். அந்தக் குரல் வந்தபிறகுதான் எனக்குத் தோள் தளரும்.

இத்தனை வருஷம் கழித்து, கேட்கிற பக்கம் உட்கார்ந்திருந்தேன். அய்யம்பேட்டை என்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மனதில் குறித்துக்கொண்டேன். பழக்கம் விடவில்லை, பாருங்கள்! பயம் போகவில்லைதான். ஆனால் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்தது, அடுத்தது என்ன என்பதும் தெரிந்தது. பசுபதிகோவில் வரும்போது வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஊர்ப்பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கண் திறக்கவில்லை, ஆனால் விரலை அழுத்தினார்.

இனி இந்தத் தெருவில் யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாலும், ராத்திரி எத்தனை மணியானாலும் என்னை எழுப்புங்கள். தூக்க எனக்கு வலுவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு வருவேன்.

தம்பி, அன்று அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வீட்டம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து, குடும்பத்தோடு சாப்பிட வாருங்கள். சமையல் இப்போதைக்கு என்னுடையதுதான், அதற்குத் தயாராக வரவும்.