அப்பாருக்கு, கென்டகியிலிருந்து

லெக்சிங்டன், கென்டகி, அமெரிக்கா
மார்ச் 23

அன்புள்ள அப்பாருக்கு,

கண்ணு எழுதுகிறேன். நான் நல்ல சுகம். நீங்களும் அப்பத்தாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன வாரம் போனில் நான் பேசியது உங்கள் காதில் விழாமல், "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். வைத்த பிறகு எனக்கு மனசே சரியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அம்மா நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

புறப்படும்போது நீங்கள் கேட்டது அப்படியே மனசில் இருக்கிறது: "நாமக்கல்லுல அஞ்சரை வருசம் மாட்டு டாக்டருக்குப் படிச்சுப்போட்டு, குதிரை லத்தி அள்ளறதுக்கு அத்தனை தொலவு போவோணுமா சாமி?" லத்தியும் அள்ளுகிறேன், அப்பாரு. இந்தக் குதிரைப் பண்ணையில் தினமும் எட்டுப் பத்து லாயம் கூட்டி, வைக்கோல் உதறிப் போடுகிறேன். ஆனால் இரண்டரை மாதத்தில் இங்கே பார்த்ததை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும்.

முதலில் மண்ணைச் சொல்கிறேன். இந்த ஊரைச் சுற்றி முழுக்கச் சுண்ணாம்புக்கல். நாற்பத்தைந்து கோடி வருசத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததாம். ஓடையில் ஒரு கல்லை எடுத்தால் அதில் சிப்பி பதிந்திருக்கிறது. அந்தச் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து புல்லில் ஏறி, புல்லைத் தின்னும் குட்டியின் எலும்பில் சேர்கிறது. பந்தயக் குதிரை வளர்ப்புக்கு இந்த இடம் பேர் போனதற்கு மண்ணைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறார்கள். முதல் வாரம் இதைக் கேட்டபோது எனக்கு மாடு மேய்கிற நம் கொறங்காடுதான் கண்ணில் வந்தது. சுக்கான்கல் நிலத்தில் முளைக்கிற கொழுக்கட்டைப் புல்லைத் தின்றால்தான் காங்கேயம் காளைக்குக் கால் இரும்பாகும் என்று நீங்கள் சொல்வீர்களே, அதேதான். நம் ஊர் கிளுவை வேலிக்குப் பதில் இங்கே கறுப்புச் சாயம் அடித்த நாலு வரிசைப் பலகை வேலி. நாம் மாட்டுக்குப் போடும் குதிரைமசால் இங்கே பேருக்கு ஏற்றபடி குதிரைக்கே போகிறது. கொள்ளு மட்டும் யாருக்கும் தெரியவில்லை, ஓட்ஸ்தான்.

ஜனவரியில் வந்து இறங்கியபோது பனி முழங்கால் வரை. கை விரல் வெடித்து ரத்தம் வந்தது. வேலை முடிந்து அறைக்கு வந்து நிறைய நாள் அழுதேன், அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது பழகிவிட்டது. நகரத்தில் இந்தியக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கிறது, ரசம் வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது நாளே ஒரு தப்புச் செய்தேன். மாட்டுக்குப் போகிற பழக்கத்தில், சத்தம் காட்டாமல் ஒரு சினைக்குதிரையின் பின்பக்கமாகப் போய் வாலுக்குக் கை நீட்டினேன். மாடு பக்கவாட்டில் வீசி உதைக்கும். குதிரை நேராகப் பின்னுக்கு உதைக்கும். நேர் பின்னால் நிற்கிறவரை அதற்குத் தெரியாது. குளம்பு என் தொடையை உரசிக்கொண்டு போய்க் கதவில் இடித்தது. மேஸ்திரி குவாத்தமாலாக்காரர், இருபது வருசம் இந்த வேலையில் இருப்பவர். என்னைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். திட்டவில்லை. "தெஸ்பாசியோ" என்றார். ஸ்பானிஷில் மெதுவாக என்று அர்த்தம். இங்கே லாயத்து வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் மெக்சிகோ, குவாத்தமாலாக்காரர்கள். பேச்சும் பெரும்பாலும் ஸ்பானிஷ்தான். நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

எனக்கு ராத்திரி வேலை, பத்திலிருந்து ஆறு வரை. நான் உள்ளே போகிறபோது உங்களுக்கு மறுநாள் காலை ஏழரை, நீங்கள் பால் கறந்து முடித்திருப்பீர்கள். குதிரை பெரும்பாலும் ராத்திரியில்தான் குட்டி போடும். சினை பதினோரு மாதத்துக்கும் மேல், சுமார் 340 நாள். நாள் நெருங்கினால் காம்பு நுனியில் மெழுகு மாதிரி கட்டி நிற்கும். நீங்கள் மடியைத் தொட்டுப் பார்த்து "இன்னைக்கு ராத்திரி" என்பீர்களே, இங்கே கூடவே ஒரு சோதனை செய்கிறோம். காம்பில் சில சொட்டுப் பால் எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து, தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் காகிதப் பட்டையை அதில் நனைக்கிறோம். குட்டி போடும் நாள் வந்துவிட்டால் பாலில் சுண்ணாம்புச் சத்து ஏறி, பட்டையின் நிறம் மாறும். ஓடைக் கல்லில் இருந்த சுண்ணாம்பு பாலில் வந்து நாள் சொல்கிறது, அப்பாரு!

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்றே முக்காலுக்கு ஒரு குட்டி பிறந்தது. பனிக்குடம் உடைந்து கால் மணி நேரத்துக்குள் பொலக்கென்று வெளியே வந்துவிட்டது. குட்டியின் குளம்பை நீங்கள் பார்க்க வேண்டும். அடியில் நுங்குச் சதை போல வழவழப்பாக, வெளிர்மஞ்சள் விரல்கள் தொங்கிக்கொண்டிருக்கும். தாயின் கருப்பையைக் கிழிக்காமல் இருக்கத்தான் அது. எழுந்து நடக்க ஆரம்பித்தால் தேய்ந்து போகும். இங்கே கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று: ஒரு மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும், இரண்டில் பால் குடிக்க வேண்டும், மூன்றில் நஞ்சுக்கொடி விழ வேண்டும்.

இந்தக் குட்டி நின்றது. ஆனால் தாயைத் தெரியவில்லை. சுவரை நக்கியது, தண்ணீர் வாளிக்குள் மூக்கை விட்டது, மூலையில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. தாய் கனைத்துக் கனைத்துக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் ஆயிற்று. கன்றுக்குட்டி மாதிரிதான் குதிரைக் குட்டியும். சீம்பால் உள்ளே போகாவிட்டால் நோய் எதிர்ப்பே கிடையாது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, மெத்தென்ற கயிறு ஒன்றைக் கேட்டார். குட்டியின் நெஞ்சைச் சுற்றி மூன்று சுற்றுப் போட்டு, நுனியை என் கையில் கொடுத்து, "இறுக்கிப் பிடி, விடாதே" என்றார்.

இழுத்ததும் குட்டி அப்படியே மடிந்து படுத்துத் தூங்கிவிட்டது. இருபது நிமிடம் பிடித்திருந்தேன். மூச்சு என் முழங்காலில் பட்டது. கயிற்றைத் தளர்த்தினோம். கண்ணைத் திறந்தது, தடுமாறி எழுந்தது, நேராகத் தாயிடம் போய் மடியை முட்டியது. பால் உறிஞ்சுகிற சத்தம் கேட்டதும் மேஸ்திரி தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் வாய்விட்டு அழுதேன்.

வயிற்றுக்குள் குட்டியைத் தூக்கத்தில் வைத்திருக்கிற சத்து ஒன்று இருக்கிறதாம். பிறக்கும்போது நெருக்கிப் பிழிந்து வருவதில்தான் அது நின்று குட்டி விழிக்கும் என்று கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் மடிகன் என்ற பேராசிரியர் கண்டு சொன்னார். சட்டென்று பிறந்த குட்டிக்கு அந்த நெருக்குதல் போதாமல் போகலாம். கயிறு அதை மறுபடி கொடுக்கிறது. எல்லாக் குட்டிக்கும் பலிக்காது; சிலதை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகிறார்கள்.

நஞ்சுக்கொடியை நாம் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோம். இங்கே தரையில் விரித்து, எங்கேயாவது ஒரு துண்டு உள்ளேயே நின்றுவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்து, எடையும் போடுகிறார்கள். எல்லாக் குட்டிக்கும் பிறந்தநாள் ஜனவரி 1 என்றே பந்தயக் கணக்கு. அதனால் வருசத் தொடக்கத்திலேயே குட்டி கிடைக்க, சினைக் காலத்தையும் கணக்குப் போட்டு, ஒரு வருசத்துக்கு முந்தின டிசம்பரிலிருந்தே லாயத்தில் விளக்கைப் போட்டு, பகல் பதினாறு மணி நேரம் என்று குதிரையை நம்பவைத்துப் பருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஊசி போட்டுச் சினைப்படுத்த, தரோபிரெட் என்ற இந்தப் பந்தயக் குதிரை இனத்தில் அனுமதியே இல்லை. பொலிகுதிரையிடம் நேரில்தான் கொண்டுபோக வேண்டும். இது உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள குதிரைப் பூங்காவுக்குப் போனேன். ஐசக் மர்பி என்ற கறுப்பினக் குதிரை வீரரின் சமாதி அங்கே இருக்கிறது. கென்டகி டெர்பி என்ற குதிரைப் பந்தயத்தை 1884, 1890, 1891 என்று மூன்று முறை வென்றவர். 1875இல் நடந்த முதல் டெர்பியில் ஓடிய பதினைந்து குதிரைகளில் பதின்மூன்றை ஓட்டியவர்கள் கறுப்பினத்தவர்கள். பிறகு அவர்களைப் பந்தயத்திலிருந்தே ஒதுக்கித் தள்ளிவிட்டார்கள். அந்தச் சமாதி முன்னால் நெடுநேரம் நின்றேன்.

இப்போது முக்கியமான விஷயம். பெரியப்பா கொறங்காட்டை மனை போடக் கொடுக்கலாம் என்கிறார் என்று அம்மா சொன்னார். அப்பாரு, நான் டிசம்பரில் வரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். இந்த லெக்சிங்டன்காரர்கள் 1958லேயே நகரம் இதற்கு மேல் பரவக்கூடாது என்று எல்லை போட்டார்கள். அமெரிக்காவிலேயே அதுதான் முதல். மேய்ச்சல் நிலம் போனால் குதிரைத் தொழிலும் போய்விடும் என்று தெரிந்தே செய்தார்கள். நம் ஆறு ஏக்கரும் அதே மாதிரி மண்தான். பெரியப்பாவுக்குப் பணமுடை என்றால் என் சேமிப்பிலிருந்து முடிந்ததை அனுப்புகிறேன். அவரிடம் நானே பேசுகிறேன், நீங்கள் சண்டை போட வேண்டாம்.

மேற்கு ஓரத்தில் கிளுவை பட்டுப்போன இடத்தில் மழைக்கு முன்னால் போத்து நட்டுவிடச் சொல்லுங்கள். மயிலைக்குச் சித்திரையில் நாள் என்றீர்கள். கன்று பிறந்ததும் எத்தனை மணிக்குப் போட்டது, எவ்வளவு நேரத்தில் நின்றது, எப்போது பால் குடித்தது என்று அம்மாவிடம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இங்கே என் நோட்டில் எழுதிவைத்துக்கொள்கிறேன். அப்பத்தாவை வாசலில் படுக்கவிடாதீர்கள்.

உங்கள்
கண்ணு