எல்லாக் கண் வீக்கமும் மெட்ராஸ் ஐ இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரில் மெட்ராஸ் ஐ பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் கண் சிவந்து வீங்கினால் பயப்பட வேண்டாம், தானே சரியாகிவிடும் என்று போட்டிருந்த அந்த ஒரு வரி எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜனவரியில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

என் பையனுக்கு 11 வயது. இங்கே அல்சூரில் இருக்கிறோம், பெங்களூரு குளிருக்கும் தூசிக்கும் பெரியவர்களுக்கே மூக்கு ஒழுகும், பையனுக்கு ஒரு வாரமாகச் சளி என்றால் யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? ஒருநாள் காலையில் இடது இமை பன் மாதிரி உப்பியிருந்தது. மாமியார் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார். தெருமுனை மெடிக்கல் கடைக்காரர் சொட்டு மருந்து கொடுத்து, “மெட்ராஸ் ஐ தாங்க்கா, மூணு நாள்ல போயிடும்” என்றார். (எங்கள் குடும்பம் மெட்ராஸை விட்டு வந்து தாத்தா காலம் ஆகிறது, அந்தப் பெயர் மட்டும் விடமாட்டேன் என்கிறது!) இப்படியே ஒன்றரை நாள் போனது.

மெட்ராஸ் ஐ என்றால் உறுத்தும், பூளை தள்ளும், பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் தாவும். இவனுக்கு ஒரே கண்தான், காய்ச்சல் வேறு. கண்ணை அசைத்தாலே வலிக்கிறது என்று அழுதான். இமையைத் தூக்கிப் பார்த்தால் விழி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். கண் டாக்டர் இது மூக்கிலிருந்து வந்தது என்றார், மூக்கு டாக்டரோ நாளைக் காலைதான் வருவார் என்றார்கள். அங்கேயே உட்காராமல் வேறு இடத்துக்குக் கூட்டிப்போனதுதான் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அங்கே சி.டி. ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. இரண்டு கண்களுக்கும் நடுவில், மூக்கை ஒட்டி, சைனஸ் என்கிற சின்னச் சின்னக் காற்று அறைகள் இருக்கின்றன. அந்த அறைக்கும் கண்குழிக்கும் நடுவே உள்ள எலும்பு அவ்வளவு மெல்லிசு, அதன் லத்தீன் பெயரிலேயே காகிதம் இருக்கிறதாம். சைனஸில் கட்டிய கிருமி அதைத் தாண்டி, எலும்புக்கும் அதன் மேல் உறைக்கும் நடுவே சீழாகத் தேங்கி, கண்ணைத் தள்ளுகிறது. விட்டால் பார்வை நரம்பு நசுங்கும், கிருமி மூளைக்குப் பக்கத்து ரத்தக்குழாய் வரைக்கும்கூடப் போகும்.

எடுத்த எடுப்பில் கத்தி வைத்துவிடவில்லை. ஒருநாள் முழுக்க ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து ஒரு சிவப்புப் பேனா மூடியைக் காட்டி, இந்தக் கண்ணிலும் அதே சிவப்புதானா, மங்கலாகத் தெரிகிறதா என்று கேட்பார், பார்வை நரம்பு அழுந்தினால் முதலில் நிறம்தான் வெளிறுமாம். சின்னக் குழந்தை, சீழும் கொஞ்சம் என்றால் மருந்திலேயே கரைவது உண்டு. இவனுக்கு மறுநாள் அந்த மூடியின் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. அன்று இரவே ஆபரேஷன்.

முகத்தில் ஒரு தழும்பு இல்லை. மூக்குத் துவாரம் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு, சைனஸ் அறையைத் திறந்து, அந்தக் காகித எலும்பில் கொஞ்சம் எடுத்து, சீழ் மூக்குக்குள்ளேயே வடியும்படி வழி செய்துவிட்டார்கள். சீழ் கண்ணுக்கு மேலேயோ வெளிப்பக்கமோ இருந்தால் வெளியே கீறித்தான் எடுக்க வேண்டுமாம். அப்புறம் மூக்கைச் சிந்தாமல் அவனைப் பார்த்துக்கொண்டதுதான் பெரும்பாடு, சிந்தினால் காற்று கண்குழிக்குள் போய்விடும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். பார்வை முழுசாகத் திரும்பிவிட்டது.

பக்கத்து வீட்டில் இன்னமும் இதைக் கருப்புப் பூஞ்சை என்றுதான் சொல்கிறார்கள். 2021-இல் கொரோனாவோடு சேர்ந்து வந்தது பூஞ்சை, முக்கியமாக சர்க்கரை நோயாளிகளையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும் பிடித்தது. இது பாக்டீரியா, சாதாரணச் சளியிலிருந்தே வரும்.

அதனால் ஒரு வேண்டுகோள். சளிக்குப் பின் ஒரு கண் மட்டும் வீங்கி, காய்ச்சலும் இருந்து, கண்ணை அசைக்க வலித்தாலோ, விழி பிதுங்கினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, அன்றைக்கே கண் டாக்டரும் காது மூக்கு தொண்டை டாக்டரும் இருக்கிற இடத்துக்குப் போகச் சொல்லி நாலு வரி போடுங்கள். போன வாரம் போட்ட அதே பக்கத்தில் போட்டால் நல்லது. எங்கள் மெடிக்கல் கடை மேஜையில் உங்கள் பேப்பர்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு