மழைக்காலத்தில் கார் ஹீட்டர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம்மூரில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஆனால், இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம் கொட்டும் மழையில் முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து, எதிரே வரும் பைக்கே தெரியாமல் போகும்போது, அதை விரைவில் தெளியவைப்பது ஏ.சி.யுடன் சேர்த்துப் போடும் ஹீட்டர்தான்.

அது குளிர்ந்த காற்றையே வீசினால், உடனே டேஷ்போர்டைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டாம். என்ஜினின் சூட்டைச் சுமந்துவரும் கூலண்ட் என்னும் குளிர்விப்புத் திரவம், ஹீட்டருக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டர் வழியே ஓடுவதால்தான் வெப்பக்காற்று வருகிறது. ஆகவே, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலண்ட் அளவைப் பார்ப்பதே முதல் வேலை. சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அளவு சரியாக இருந்தும், நெடுநேரம் ஓட்டிய பின்னும் வெப்பம் காட்டும் முள் கீழேயே கிடந்தால், சூட்டுக்கேற்பக் கூலண்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். முள் சரியாக நின்றால், என்ஜினை அணைத்துவிட்டு, ஹீட்டருக்குச் செல்லும் இரண்டு ரப்பர் குழாய்களையும் கவனமாகத் தொட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும் சூடென்றால் உள்ளே அடைப்போ காற்றுப்பிடிப்போ இருக்கக்கூடும். இரண்டும் சூடென்றால், காற்றைத் திருப்பிவிடும் உள்தகட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

கூலண்டுக்குப் பதில் கிணற்றுநீரை ஊற்றும் பழக்கம் துருவையும் உப்புப்படிவையும் சேர்த்து இந்த அடைப்பை உண்டாக்குகிறது என்பது வருத்தத்துக்குரியது. பட்டறைக்காரர்கள் இச்சோதனைகளை வாடிக்கையாளர் முன்னிலையில் செய்துகாட்டிய பிறகே செலவுக் கணக்கைச் சொல்ல வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை