சுருதி ஏறிய பர்ட்டன் குரல்: ஒரு ப்ளூ-ரே டிஸ்க் குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், ஸ்ரீரங்கம், திருச்சி
(முழு முகவரி, ஆர்டர் எண், பில் நகல் இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 'தி வைல்ட் கீஸ்' (1978) ப்ளூ-ரே டிஸ்க்கில் உள்ள குறைகள், மாற்று டிஸ்க் அல்லது முழுப் பணம் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தமிழ் சப்டைட்டிலுடன் நீங்கள் சென்ற மாதம் வெளியிட்ட 'தி வைல்ட் கீஸ்' படத்தின் ப்ளூ-ரே டிஸ்க்கை 1,499 ரூபாய் கொடுத்து வாங்கினேன். சிறைபிடிக்கப்பட்ட ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவரை மீட்கப் போகும் கூலிப்படையின் கதை அது, படைத்தலைவர் கர்னல் ஃபாக்னராக ரிச்சர்ட் பர்ட்டன் நடித்தார். அறிவிப்பு வந்த அன்றே முன்பணம் கட்டியவன் நான். இந்தப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் போட ஒருவர் முன்வந்தாரே என்று அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் படத்தைப் போட்ட பத்தாவது நிமிடத்தில் போய்விட்டது. ஏற்கெனவே உங்கள் சேவை மையத்துக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டேன். "டிஸ்க் ஓடுதுல்ல சார், அப்ப டிஃபெக்ட் இல்ல சார்" என்ற பதில்தான் இரண்டு முறையும் வந்தது. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

முதல் குறையும் முக்கியமான குறையும் ஓடும் நேரம். அட்டையின் பின்பக்கம் '134 நிமிடங்கள்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். படத்தின் உண்மையான நீளமும் அதுதான். ஆனால் உங்கள் டிஸ்க் 128 நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் காணோம். ஏதோ காட்சியை வெட்டிவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். லண்டனில் ஆள் சேர்ப்பது, ஐம்பது பேருக்கும் பயிற்சி, இரவில் பாராசூட்டில் குதிப்பது, சிறைபிடிக்கப்பட்ட அந்தத் தலைவர் லிம்பானியை மீட்பது, கூட்டிப்போக வந்த விமானம் தரையைத் தொடும் நேரத்தில் இவர்களை விட்டுவிட்டு மேலே ஏறிப் போவது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எதுவும் குறையவில்லை. எல்லாக் காட்சியும் இருக்கிறது, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சீக்கிரம் முடிகிறது.

காரணத்தைக் கண்டுபிடித்தது எங்கள் கூட்டத்தில் இருக்கும் வயலின் வாத்தியார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேர் என் வீட்டு மாடியில் சேர்ந்து பழைய படம் பார்ப்போம். பார்த்து முடித்ததும் காபி குடித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் பேசுவோம். இந்தப் படத்துக்கு ராய் பட் இசை. ரிச்சர்ட் ஹாரிஸ் நடித்த ஜாண்டர்ஸ் பாத்திரத்துக்கென்று அவர் ஒரு மெட்டு வைத்திருக்கிறார். ரஷ்ய இசையமைப்பாளர் போரோடினின் இரண்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட்டிலிருந்து (நான்கு தந்தி வாத்தியங்களுக்காக எழுதிய இசை) எடுத்தாண்ட மெட்டு அது. எங்கள் வாத்தியாருக்கு அது மனப்பாடம். உங்கள் டிஸ்க்கில் அது வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுருதி ஏறியிருக்குங்க. அரைக் கட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு" என்றார்.

அவர் சொன்னது சரி. சினிமா பிலிம் நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. அந்தக் காலத்து 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவிக்கு நொடிக்கு 25 பிரேம் தேவை. டிவிக்காக மாற்றும்போது 24 பிரேமில் எடுத்த படத்தை அப்படியே 25 பிரேம் வேகத்தில் ஓடவிடுவது வழக்கமாக இருந்தது. வேகம் நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேல் கூடும், ஒலியின் சுருதியும் அதே அளவு ஏறும். 134 நிமிடத்தை 24 ஆல் பெருக்கி 25 ஆல் வகுத்துப் பாருங்கள். 128 நிமிடம் 38 நொடி வரும். என் கடிகாரம் காட்டியதும் அதைத்தான். ஆக, பழைய டிவி ஒளிபரப்புக்காகச் செய்த வீடியோ பிரதி ஒன்றை எடுத்து அப்படியே ப்ளூ-ரேயில் ஏற்றியிருக்கிறீர்கள். கேமரா பக்கவாட்டில் நகரும் இடங்களில் ஜீப்பின் ஓரத்திலும் துப்பாக்கிக் குழாயின் ஓரத்திலும் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிவதும் அதனால்தான்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த வீடியோ கேசட்டிலும் இந்தப் படம் இதே வேகத்தில்தான் ஓடியிருக்கும். நானே எத்தனையோ வருஷம் அந்தக் குரலைத்தான் பர்ட்டனின் குரல் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது நம் ஊர் டிவியும் விசிஆரும் பால் முறை, வேறு வழி கிடையாது. ப்ளூ-ரேக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 24 பிரேமை 24 ஆகவே தரும், அதற்காகத்தானே கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோம்?

சில வருஷம் முன்பு எங்கள் நண்பர் ஒருவருக்கு அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து இந்தப் படத்தின் ப்ளூ-ரே ஒன்றை வாங்கி வந்தார். அது 134 நிமிடம் ஓடியது. அன்றைக்குத்தான் ரிச்சர்ட் பர்ட்டனின் குரலை முதல் தடவையாகச் சரியான சுருதியில் கேட்டேன். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். மேடையில் வளர்ந்த குரல், அடித்தொண்டையில் உருண்டு வரும். கர்னல் ஃபாக்னர் மதுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வங்கி முதலாளி மேதர்சனிடம் பேரம் பேசும்போது, அந்த ஆள் எவ்வளவு தூரம் நொந்துபோனவர் என்பது வசனத்தைவிடக் குரலில்தான் அதிகம் தெரியும். உங்கள் டிஸ்க்கில் அதே காட்சியில் அவர் பத்து வயது குறைந்தவர் போல, எங்கேயோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர் போலப் பேசுகிறார். பர்ட்டன் 1984 ஆகஸ்டில் இறந்துபோனார். அடுத்த வருஷம் வந்த இரண்டாம் பாகத்தில் அவர் இல்லை. அந்தக் குரல் இனி இந்த மாதிரிப் பிரதிகளில் மட்டும்தான் இருக்கும். அதை மாற்றிக் கொடுத்துவிட்டு 'கலெக்டர்ஸ் எடிஷன்' என்று அட்டையில் போடுவது எனக்கு நிஜமாகவே வேதனையாக இருக்கிறது.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். பழைய டகோட்டா விமானம் ஓடுபாதையில் நகர ஆரம்பித்துவிட்டது. ரோஜர் மூர் ஓட்டுகிறார். காயம்பட்ட ஜாண்டர்ஸ் பின்னால் ஓடி வருகிறான். கதவருகில் ஃபாக்னர் கையை நீட்டுகிறார், எட்டவில்லை. துரத்தி வரும் படையின் கையில் உயிரோடு சிக்க விடாதே, சுட்டுவிடு என்று நண்பன் கேட்கிறான். ஃபாக்னர் சுடுகிறார். அதற்கு முன்னால் வரும் அந்தச் சின்னத் தயக்கத்தில்தான் மொத்தப் படமும் நிற்கிறது. படத்தொகுப்பைச் செய்தவர் ஜான் கிளென். பிற்பாடு ஐந்து ஜேம்ஸ் பாண்ட் படங்களை இயக்கியவர். எந்த இடத்தில் எத்தனை பிரேம் வேண்டும் என்று கணக்குப் பார்த்து வெட்டியவரின் வேலையை, யாரையும் கேட்காமல் நீங்கள் வேகப்படுத்தியிருக்கிறீர்கள்.

அடுத்தது படத்தின் தரம். பிலிமில் இயல்பாக இருக்கும் மணல் போன்ற துகள்களைக் கம்ப்யூட்டரில் துடைத்திருக்கிறீர்கள், துடைத்ததில் முகங்களும் போய்விட்டன. பர்ட்டனின் கன்னத்தில் இருக்கும் குழிகள் அவருடைய முகத்தின் அடையாளம். குடியில் ஊறி வாழ்க்கையில் அடிபட்ட ஃபாக்னருக்கு அந்த முகம் மேக்கப் இல்லாமலே பொருந்தியது. உங்கள் டிஸ்க்கில் கன்னம் மெழுகு பூசினாற்போல வழவழவென்று இருக்கிறது.

தமிழ் சப்டைட்டிலுக்கு வருகிறேன். என்னை வாங்க வைத்ததே அதுதான். கதையின் ஆணிவேர் செம்பு. ஆப்பிரிக்க நாடு ஒன்றின் செம்புச் சுரங்க உரிமைக்காகத்தான் மேதர்சன் லிம்பானியை மீட்க ஆள் அனுப்புகிறார். அந்த உரிமை வேறு வழியில் கிடைத்ததும் அனுப்பிய ஆட்களைக் கைகழுவிவிடுகிறார். உங்கள் சப்டைட்டிலில் இரண்டு இடத்தில் இந்தச் செம்பு 'போலீஸ்காரர்' ஆகியிருக்கிறது. ஆங்கிலப் பேச்சு வழக்கில் 'காப்பர்' என்ற சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டுதான். ஆனால் ஒரு தடவை படத்தைப் பார்த்துவிட்டு எழுதியவர் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார். முதல் தடவை பார்க்கிறவருக்கு விமானம் ஏன் திரும்பிப் போனது என்பதே புரியாது. என் மனைவி கேட்டார், நான் படத்தை நிறுத்திவிட்டு விளக்க வேண்டியிருந்தது. படம் முழுக்க 'அடியாட்கள்' என்று வருகிறது. கூலிப்படை என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கும்போது அது எதற்கு?

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஹார்டி க்ரூகர் நடித்த தென்னாப்பிரிக்க வெள்ளைக்காரன் குட்ஸியா, நடக்க முடியாத கறுப்பினத் தலைவர் லிம்பானியை முதுகில் சுமந்துகொண்டு போகிறான். ஆரம்பத்தில் வெறுப்போடு பேசுகிறவன். போகப் போக இருவரும் பேசிக்கொள்கிறார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒருவரை ஒருவர் மன்னித்தால்தான் இந்த மண்ணில் சேர்ந்து வாழ முடியும் என்கிறார் லிம்பானி. தென்னாப்பிரிக்காவில் இனவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலத்தில், அதே நாட்டில் எடுத்த காட்சி அது. அங்கே போய் எடுத்ததற்காகப் படத்துக்கு அன்று எதிர்ப்பும் இருந்தது. சண்டைப் படம் என்று பார்க்க உட்கார்ந்தவர்களை யோசிக்க வைக்கும் இந்த உரையாடலில் பாதிக்கு மேல் சப்டைட்டிலே வரவில்லை. திரையில் இருவரும் பேசுகிறார்கள், கீழே எதுவும் இல்லை.

லிம்பானியாக நடித்தவர் வின்ஸ்டன் ந்த்ஷோனா. கூலிப்படையில் வரும் சார்ஜன்ட் பிளேக்காக நடித்தவர் ஜான் கானி. இருவரும் தென்னாப்பிரிக்க நாடக ஆசிரியர் ஆதல் ஃபுகார்டோடு சேர்ந்து உருவாக்கி நடித்த நாடகங்களுக்காக 1975 இல் அமெரிக்காவின் டோனி விருதைப் பகிர்ந்துகொண்டவர்கள். 'பிளாக் பாந்தர்' பார்த்த பிள்ளைகளுக்கு டி'சாக்கா மன்னர் என்றால் கானியைத் தெரியும். உங்கள் அட்டையில் இந்த இருவர் பெயரையும் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. யாரைக் காப்பாற்றுவதற்காக ஐம்பது பேர் குதிக்கிறார்களோ அவருடைய பெயரே இல்லாமல் ஓர் அட்டையா? முன்பக்கத்தில் 'ரோஜர் மூர் தலைமையில்' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். படையின் தலைவர் பர்ட்டனின் ஃபாக்னர், மூர் நடித்த ஷான் ஃபின் விமானி.

'உண்மைச் சம்பவம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் தவறு. இது டேனியல் கார்னி எழுதிய நாவலிலிருந்து எடுத்த கதை. 1960களில் காங்கோவில் கூலிப்படை நடத்திய மைக் ஹோர் படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தார். உண்மையோடு உள்ள தொடர்பு அந்த அளவுதான், அதைச் சொன்னாலே போதும், சுவாரசியமாக இருக்கும்.

அப்புறம், 'ஆடியோ வர்ணனை உண்டு' என்று அட்டை சொல்கிறது. மெனுவில் அப்படி ஒன்று இல்லை. ரோஜர் மூரும் தயாரிப்பாளர் யுவான் லாயிடும் ஜான் கிளென்னும் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசிய வர்ணனை ஒன்று முன்பு வந்த வெளியீடுகளில் இருக்கிறது. மூரும் லாயிடும் இப்போது உயிரோடு இல்லை. அதைத்தான் தருகிறீர்கள் என்று நம்பித்தான் என் நண்பர்கள் இருவர் ஆளுக்கொரு பிரதி வாங்கினார்கள். அவர்களுடைய பில் நகல்களையும் இணைத்திருக்கிறேன்.

உங்கள் சேவை மையம் ஏழு நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்கிறது. டிஸ்க் கீறலோடு வந்திருந்தால் ஏழு நாள் கணக்கை ஒப்புக்கொள்வேன். அட்டையில் எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்றால் அதற்கு ஏழு நாள் கணக்குப் பொருந்தாது.

நான் கேட்பது இதுதான். 24 பிரேம் வேகத்தில், 134 நிமிடம் ஓடும் சரியான பிரதியிலிருந்து, சப்டைட்டிலைத் திருத்தி, மாற்று டிஸ்க் கொடுங்கள். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றால் காத்திருக்கிறேன், ஆனால் தேதியை எழுத்தில் தர வேண்டும். முடியாது என்றால் மூன்று பிரதிகளுக்கும் சேர்த்து 4,497 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், டிஸ்க்குகளை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைகளில் மிச்சமிருக்கும் பிரதிகளின் அட்டையில் ஓடும் நேரத்தையும் வர்ணனை பற்றிய வரியையும் உடனே திருத்துங்கள். சப்டைட்டிலைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால் நாங்கள் ஐந்து பேரும் காசு வாங்காமல் உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம். வயலின் வாத்தியாருக்கும் இதில் சம்மதம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். அதன் பிறகு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன் கீழ் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த அளவுக்குப் போகாமல் முடியும் என்று நம்புகிறேன்.

மூன்று பில்களின் நகல், அட்டையின் இருபக்கப் படம், டிஸ்க் முடியும் நேரம் தெரியும்படி எடுத்த திரைப் படம், சப்டைட்டில் தவறுகள் வரும் நிமிடக் கணக்கு ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்
(கையொப்பம்)