மண்ணோடு ஒட்டிய வீடுகளில் ரேடான் சோதனை

ஆசிரியருக்கு வணக்கம்.

உறைபனி விழத் தொடங்கினால் குந்தா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பொழுது சாயும் முன்பே ஜன்னல்களைச் சாத்திவிடுகிறோம். வீடுகளில் ரேடானை அளக்க ஏற்ற பருவம் இதுதான். பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து பிறக்கும் கதிரியக்க வாயுதான் ரேடான். நிறமோ மணமோ கிடையாது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணம். பீடி பிடிப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரலுக்குள் (பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணு சிதையும் அளவு) இருக்க வேண்டும், முடியாத இடத்திலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்னது.

இங்கே சரிவை வெட்டித்தான் வீடு கட்டுகிறோம். பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்கிறது. இரவில் உள்ளே சூடேறிய காற்று கூரை இடுக்கு வழியே மேலே போகும். அதற்கு ஈடாகத் தரை வெடிப்பு, சுவரும் தரையும் சேரும் மூலை, குழாய் நுழையும் ஓட்டை வழியாக மண்ணுக்குள் இருக்கும் காற்று ஏறி வரும். அடுத்தடுத்த வீடுகளிலேயே அளவு மாறும் என்பதால் பக்கத்து வீட்டுக் கணக்கு நமக்கு உதவாது.

இரண்டு நாள் கருவி வைத்துப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. விடியற்காலைக்கும் மதியத்துக்குமே அளவு ஏறி இறங்கும். ரேடானிலிருந்து வரும் ஆல்பா துகள்களின் தடத்தைப் பதியவைக்கும் எல்ஆர்-115 என்ற பிளாஸ்டிக் படத்துண்டு வைத்த சிறு டப்பாவை 90 நாள் தொங்கவிட வேண்டும். படுக்கும் அறையே சரியான இடம், சமையலறை வேண்டாம். சுவரில் ஆணியடித்து மாட்டாமல், ஓர் அடியாவது தள்ளி உத்தரத்திலிருந்து கயிற்றில் கட்டுங்கள். மண்சுவரிலிருந்து ரேடானின் இன்னொரு வகையான தோரான் வாயுவும் கசியும். அதன் அரை ஆயுள் (பாதி சிதைந்துபோக ஆகும் நேரம்) ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்பதால் சுவரை ஒட்டியே நிற்கும், கணக்கைக் குழப்பும். மாட்டிய தேதி, கழற்றிய தேதி இரண்டையும் டப்பாவிலேயே எழுத வேண்டும். கழற்றிய அன்றே ஆய்வகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும், பரணில் கிடந்தால் அங்கேயும் பதிவாகிக்கொண்டே இருக்கும். படத்தை 60 டிகிரி சூட்டில், 2.5 நார்மல் (கரைசலின் செறிவு) காஸ்டிக் சோடா கரைசலில் 90 நிமிடம் ஊறவைத்தால் ஆல்பா துகள் பட்ட இடமெல்லாம் ஊசித் துளையாகத் திறக்கும். அதை எண்ணுவது கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தால் முடிகிற வேலை.

அளவு கூடுதலாக வந்தால் வெடிப்பில் சிமென்ட் பூசி நிறுத்திவிடுகிறார்கள். மண் சற்று அசைந்தாலும் மயிரிழை வெடிப்பு மறுபடி விடும். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் மாட்டினால் நிலைமை மோசமாகலாம்: வெளிக்காற்று வர வழியில்லாத அறையில் அது மண்ணிலிருந்தே இழுக்கும். தரையைத் துளைத்து, அடியில் ஒரு பக்கெட் மண்ணை எடுத்துவிட்டு, 4 அங்குல பிவிசி குழாயை இறக்கிச் சுற்றிலும் அடைத்து, கூரைக்கு மேல் கொண்டுபோய், மண்ணுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்ற அதில் ஒரு விசிறி பொருத்த வேண்டும். குழாயின் விசிறி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்; உள்ளே இருந்து இணைப்பு கசிந்தால் மொத்த வாயுவும் அறைக்குள் வரும். பலகைத் தரை போட்ட பழைய வீடுகளில் இவ்வளவும் தேவைப்படாமல் போகலாம். குளிருக்குப் பயந்து அடைத்த அடித்தளக் காற்றுத் துளைகளை முதலில் திறந்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

(சாத்திய அறையில் கரியடுப்பு மூட்டித் தூங்குவது ஒரே இரவில் உயிரைக் குடிக்கும். ரேடானுக்கு அஞ்சுகிறவர்கள் அதை முதலில் நிறுத்த வேண்டும்.)

மாவட்ட நிர்வாகம் பின்சுவர் மண்ணில் பதிந்த வீடுகளையும் அங்கன்வாடிகளையும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் டப்பாக்களை மாட்டினால் மார்ச்சில் கணக்கு கைக்கு வந்துவிடும்.

இயற்பியல் ஆசிரியர்கள்,
மஞ்சூர், நீலகிரி.