ஏழாவது எக்ஸானைப் பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

இங்கு அனைவரும் நலம். என் மூட்டுவலியைப் பற்றி எழுதினால் நீ கேலி செய்வாய், அதை விடு.

உன் அக்காள் பேரனுக்குத் தண்டுவடத் தசைச் சிதைவு நோய் (எஸ்.எம்.ஏ.) என்ற கடிதம் வந்ததிலிருந்து மனம் வேறெதிலும் செல்லவில்லை. தசைகளை இயக்கும் நரம்பணுக்களுக்குத் தேவையான புரதத்தைத் தரும் எஸ்.எம்.என்.1 மரபணு இல்லாவிட்டாலும், அதை அச்சாக ஒத்த எஸ்.எம்.என்.2 இருக்கிறதே, பிறகு பிள்ளையின் கால் ஏன் துவள்கிறது என்று கேட்டிருந்தாய். கடைசி பெஞ்சில் உறங்கியவன் கேட்கும் கேள்வியா இது! பெரியசாமி சார் நம்பியே இருக்க மாட்டார்.

மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வில் இன்ட்ரான்கள் என்னும் இடைப்பகுதிகளை வெட்டி நீக்கி, எக்ஸான்கள் என்னும் வேண்டிய பகுதிகளை ஒட்டிய பிறகே அது புரதம் கட்டக் குறிப்பு தரும் முழுமையான தூது ஆர்.என்.ஏ. ஆகிறது. எந்த எக்ஸானைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் அதன்மீது வந்து அமரும் புரதங்களுக்குப் பெரும் பங்குண்டு. எஸ்.எம்.என்.1இன் ஏழாவது எக்ஸானைச் சேர்க்கச் செய்வது எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 என்னும் புரதம். எஸ்.எம்.என்.2இல் அதே எக்ஸானின் ஆறாவது எழுத்து சி-க்குப் பதிலாக டி என்று இருக்கிறது. அமினோ அமிலம் எதையும் மாற்றாத அந்த ஓர் எழுத்தால் எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 பிடிப்பிழக்க, ஹெச்.என்.ஆர்.என்.பி. ஏ1 என்ற எதிரணிப் புரதத்தின் கை ஓங்குகிறது. பெரும்பாலான ஆர்.என்.ஏ. படிகளில் ஏழாவது எக்ஸான் விடுபட்டு, உருவாகும் புரதம் விரைவில் சிதைந்துபோகிறது.

அடுத்துள்ள இன்ட்ரானிலும் ஏ1 அமரும் இடம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ரவீந்திர சிங்கின் குழுவினர் 2006இல் அதைக் கண்டறிந்தனர். அங்குள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஏட்ரியன் கிரைனரும் பிறரும் உருவாக்கிய நூசினெர்சென் என்ற மருந்து அந்த இடத்தில்தான் ஒட்டுகிறது. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பாயே, அதே வேலைதான்: பதினெட்டு எழுத்து நீளமுள்ள இந்தச் செயற்கைத் துண்டு முன்பே கிடப்பதால் ஏ1 அமர முடியாமல் போக, ஏழாவது எக்ஸான் தப்பிவிடுகிறது. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்தைத் தண்டுவடத் திரவத்தில் ஊசியாகச் செலுத்துவார்கள். தொடக்கத் தவணைகளுக்குப் பின் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. விலையோ சாமானியன் எட்டிப் பார்க்கக் கூடியதன்று. அந்தக் கோபத்தைத் தனிக் கடிதமாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் விளையாட்டின்றிச் சொல்கிறேன். மடிந்துவிட்ட இயக்க நரம்பணுக்களை எந்த மருந்தும் மீட்பதில்லை. ஆதலால் நல்ல நாள் பார்க்கிறேன் என்று மாப்பிள்ளை இழுத்தடித்தால் நீ விடாதே. மரபணுச் சோதனை அறிக்கையில் பிள்ளைக்கு எஸ்.எம்.என்.2 மரபணு எத்தனை நகல்கள் என்று குறித்திருப்பார்கள். அவை கூடுதலாக இருந்தால் நோயின் கடுமை பொதுவாகக் குறையும். அந்த எண்ணை உடனே எழுதி அனுப்பு.

அன்புடன்,
வேலாயுதம்