வளவு விசயமா மகளுக்கு

மகள்,

வொய்ஸ் போட்டா நீ கேக்குறதில்ல, அதான் டைப் பண்ணுறன். மேல்மாடி கட்ட எண்டு நீ அனுப்பின காச நான் தொடல்ல, பேங்க்ல அப்படியே கிடக்கு. மேசன் பாஸ் வந்து வந்து கேட்டுட்டுப் போறார்.

கிணறு உப்பாயித்து மனே. பிளேன்டி கரிக்குது, சவுக்காரம் நுரைக்குதில்ல, கிணத்தடி வாழைல இலை விளிம்பெல்லாம் கருகிப் போச்சு. பக்கத்து வாத்தியார் சொல்றார், கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவுல கிடக்கிற நம்மட மணல்ல நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலதான் மிதந்து நிக்குதாம், கடல் ஏற ஏற அது மெலியுமாம், மோட்டர் போட்டு இழுத்தா உப்பு இன்னும் மேல வருமாம். தம்பிக்கு மோட்டரப் போடாத எண்டு சொல்லிச் சொல்லி என்ட வாய் நோகுது. 1901ல இருந்து 2018 வரைக்கும் உலகத்துல கடல் சராசரி 20 சென்டிமீட்டர் ஏறியிரிக்காம், 2006க்குப் பிறகு வருசத்துக்கு 3.7 மில்லிமீட்டராம். ஒரு சாண்தானே எண்டு அப்பா சிரிக்கிறார். 78 புயலையும் 2004 சுனாமியையும் கண்ட மனிசன். இனி புயல் வந்தா அலை அந்த ஒரு சாணுக்கு மேல நிண்டுதானே அடிக்கும், அது விளங்காதா அவருக்கு. மீன்வாடியக்கூட பின்னால தள்ளிப் போட்டுட்டாங்க.

அதான் சொல்றன், இந்த மண்ணுல இனிக் காசப் போடாத. வாவிக்கு அங்கால, படுவான்கரையில, கொக்கட்டிச்சோலைப் பக்கம் சின்னமாமி ஒரு மேட்டுக் காணி சொல்றா. கலியாணம் பேசக்குள்ள படுவான்கரையா எண்டு மூஞ்சியச் சுழிச்சவள் நீ, தெரியும். இப்ப முந்தி மாதிரி வாவியக் கடக்கிற பாதைப் படகுக்குக் காத்து நிக்கத் தேவல்ல, மண்முனைப் பாலம் 2014லயே திறந்தாச்சு. வாவிய ஒட்டின காணி மட்டும் வேணாம், கடல் ஏறினா வாவியும் ஏறும். யானை வரும் எண்டு அப்பா சொல்றார். வரும்தான், வெள்ளாமை வெட்டுற காலத்துல கவனமா இருந்தாச் சரி.

மேல்மாடியில தனிக் குசினி வேணும் எண்டு கேட்டாய். லீவுக்கு வாறவளுக்கு என்னத்துக்குத் தனிக் குசினி எண்டு அப்பா கேட்டார், நான் வாய மூடச் சொல்லிட்டன். சின்னவனுக்கு இங்க ஸ்கூல் விசாரிச்சியாம் எண்டும் சின்னமாமி சொன்னா. மருமகன் கோல்ல வாறதே இல்ல, டியூட்டியா இரிக்கும். உன்னப் போல தலையெடுத்த புள்ள இந்த ஊர்ல இல்ல எண்டு நான் சொல்லித் திரியிறன், நீ எண்டா பெத்தவளுக்கு ஒரு கோல் எடுக்க மாட்டாய். சாப்பிடுறியா ஒழுங்கா? ஃபோட்டோவுல கழுத்தெலும்பு தெரியுது.

வாறதெண்டா வா மனே. ஏன் எதுக்கு எண்டு நான் கேக்கமாட்டன், இங்க ஒருத்தரையும் கேக்க விடவும் மாட்டன். ஆனா இந்த வீட்டுல மாடி வேணாம். இது அம்மம்மா எனக்குத் தந்து நான் உனக்குச் சீதனமா எழுதினது, இத விடச் சொல்ல எனக்கும் வாய் வருதில்ல. விக்கிறதெண்டா நீ தூதரகத்துல இங்க ஒருத்தருக்கு அதிகாரம் குடுத்து அற்றோணிப் பத்திரம் எழுதி அனுப்பணும், அது பிறகு பாப்பம்.

காணிக்காரன் அவசரப்படுத்துறான். நொத்தாரிசு ஒண்டு கேட்டார், எனக்குப் பதில் தெரியல்ல, நீதான் சொல்லணும். காணி உறுதிய உன்ட பேர்ல மட்டும் எழுதுறதா, ரெண்டு பேர்ட பேர்லயுமா?

அம்மா